எண்பது பேருக்கு ஆயிரம் நாற்காலி

ஒச்சப்பன் ஒரு காலத்தில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவருக்கு எழுநூற்று ஐம்பது ரூபாய் கடன்பட்டிருந்தார். அக்கா கல்யாணத்துக்காக அவருடைய அப்பா வாங்கிய முன்பணம் அது. அப்பா கண்ணை மூடியதும் கடன் மகன் தலையில் இறங்கியது. அப்போது ஒச்சப்பனுக்குப் பதினேழு வயது. மூன்றாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பகலெல்லாம் கட்டையில் குச்சி அடுக்கினார். சாயங்காலம் சந்தையில் மூட்டை தூக்கினார். இரண்டே வருஷத்தில் கடனை அடைத்து, முதலாளி கண் முன்னாலேயே பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். அந்த ஆபீஸிலிருந்து அப்படி நிமிர்ந்த நெஞ்சோடு வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், ஒற்றை விரலை நீட்டித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்.

மல்லாங்கிணற்றில் மூடிப்போன ஒரு டூரிங் கொட்டகையின் மடக்கு நாற்காலிகள் ஏலத்துக்கு வந்தபோது பதினெட்டை எடுத்தார். ஒரு நடைக்கு மூன்று வீதம் ஆறு நடை சைக்கிளில் கட்டி மிதித்துக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தப் பதினெட்டு இன்றைக்கு இரண்டாயிரத்து நூறு பிளாஸ்டிக் நாற்காலி. சாமியானா நாற்பது. மைக் செட் ஏழு, ஜெனரேட்டர் மூன்று, குட்டியானை வண்டி இரண்டு. ஆனைக்குட்டம் போகிற ரோட்டில், வீட்டை ஒட்டியே, சாமான் போட்டுவைக்கத் தகரக் கூரை போட்ட கிட்டங்கி ஒன்று, அதன் நெற்றியில் ஆளுயர எழுத்தில் ‘ஒச்சப்பன் பந்தல் காண்ட்ராக்ட்’ என்று பெயர். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் சிவப்புப் பெயின்ட்டில் ‘ஒ’ என்று ஒரே ஓர் எழுத்து.

“இந்த வட்டாரத்துல எவன் தலைவனானாலும் மொதல்ல என் நாற்காலியிலதாம்லே உக்காந்தான்” என்பார். அது பொய் இல்லை. எல்லாக் கட்சிக்கும் போட்டிருக்கிறார். காலையில் ஒரு கட்சிக்கு விரித்த சாமியானாவை, சாயங்காலம் எதிர்க்கட்சிக்குத் திருப்பிக் கட்டியிருக்கிறார். அவருக்கென்று இருந்த ஒரே கொள்கை, அட்வான்ஸ் வாங்கிவிட்டால் பந்தல் நின்றாக வேண்டும். மழையோ புயலோ, நாற்பத்தெட்டு வருஷத்தில் வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்ததே கிடையாது.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் தங்கத்தாய் கிட்டங்கி வாசலில் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயசிருக்கும். பயர் ஆபீஸில் பதினெட்டு வருஷமாகச் சரம் பின்னுகிறவள். பட்டாசுக் கம்பெனியை அங்கே எல்லோரும் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வது.

“அண்ணாச்சி, எண்பது சேர் வேணும். ஒரு மைக்கு. வார ஞாயித்துக்கெழம சாயங்காலம்.”

“என்ன விசேசம் தாயி? யாருக்காச்சும் சடங்கா?”

“இல்ல. கூட்டம்.”

“எந்தக் கட்சி?”

“கட்சியெல்லாம் இல்ல. நாங்கதேன்.”

“நாங்கன்னா?”

“நாங்கன்னா நாங்கதேன் அண்ணாச்சி. ஆபீஸ்ல வேல பாக்கிற பொம்பளைக.”

விஷயம் இதுதான். கார்த்திகையில் அந்த ஆபீஸில் ஓர் அறை வெடித்து, அதிகாரிகள் வந்து சீல் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று மாசமாக வேலை இல்லை. அதற்கு முன்பு செய்த ஆறு வாரத்துக் கூலியும் கைக்கு வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கிறது. உள்ளே போக வேண்டுமானால் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பழைய கூலிப் பாக்கி எதுவும் இல்லை, எந்தச் சங்கத்திலும் சேரமாட்டேன் என்று அந்தத் தாளில் அச்சடித்திருக்கிறது. போர்மேன் வீடு வீடாக அதை எடுத்துக்கொண்டு அலைகிறான்.

“ஒவ்வொருத்தியா ஒவ்வொரு வாசல்ல நின்னு கேட்டா, போட்டுருவாளுக அண்ணாச்சி. அடுப்பெரியணும்ல. எல்லாரும் ஒரு எடத்துல உக்காந்து ஒரு முடிவு எடுத்துட்டா பயம் தெளிஞ்சிரும். அப்படியே சங்கமும் ஆரம்பிச்சுரலாம்னு இருக்கோம். திங்கக்கெழமைக்கு முன்னாடி உக்காரணும். அதுக்குப் பெறகு உக்காந்து என்னத்துக்கு?”

அவள் ஐந்நூறு ரூபாயை நீட்டினாள். ஒச்சப்பன் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“போலீஸ்ல பர்மிசன் வாங்கணுமாமே” என்று இழுத்தாள்.

“அது ஒனக்கு எதுக்கு? ஒச்சப்பன்கிட்ட அட்வான்ஸ் குடுத்தாச்சுல்ல. பர்மிசன், கரண்டு, மைக்கு அம்புட்டும் என் பாடு. ஸ்டேசன்ல நான் போனா எந்திரிச்சு நிப்பாக. நீ பேச வேண்டியதை மட்டும் யோசிச்சு வையி.”

சொன்னபடியே போய்க் கம்ப்யூட்டர் கடையில் மனு அடித்தார். கடைப் பெண் ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். இடம், நாள், நேரம் எல்லாம் ஆயிற்று.

“எதிர்பார்க்கப்படும் நபர்கள் எத்தனைன்னு இருக்கு தாத்தா.”

தங்கத்தாய் சொன்னது எண்பது. ஆனால் நாற்பத்தெட்டு வருஷமாக ஒச்சப்பன் வாய் பழகியிருந்தது வேறு. அந்தத் தொழிலில் எவனும் உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை. கட்சிக்காரன் ஆயிரம் நாற்காலி என்று நோட்டீஸில் போடுவான், பில்லிலும் ஆயிரம் என்பான், மைதானத்தில் அறுநூறு இருக்கும். இடைவெளி விட்டுப் போட்டால் அறுநூறு ஆயிரமாகத் தெரியும். அப்படிப் போடுவதில் ஒச்சப்பனை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் பெயர் போட்ட மனுவில் எண்பது என்று எழுதினால் ஸ்டேஷனில் சிரிக்கமாட்டார்களா? காதுகுத்துக்கே முந்நூறு போடுகிற மனிதர்.

“ஆயிரம்னு போடு” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளை வேட்டி சட்டையோடு ஸ்டேஷனுக்குப் போனார். எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு ராக்கப்பன் தலையை நிமிர்த்தவில்லை.

“ஐயா மீட்டிங்ல இருக்காக. நாளைக்கு வாங்க.”

நாளைக்குப் போனார். மீட்டிங். ஒரு மணி நேரம் நின்றார். அங்கே நான்கு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. நான்கின் முதுகிலும் ‘ஒ’ என்று இருந்தது. போன வருஷம் ஏதோ சமாதானக் கூட்டத்துக்கென்று வாங்கிப் போனவை, திரும்பவில்லை. வாடகையும் வரவில்லை. அவற்றில் ஒன்றில் ஒரு காவலர் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தார். இன்னொன்றில் தொப்பி இருந்தது. ஒச்சப்பன் தன் நாற்காலிகளுக்குப் பக்கத்திலேயே கால் கடுக்க நின்றார்.

கடைசியில் ராக்கப்பன் மனுவைப் புரட்டினார். “கூட்டம் நடக்கிற எடம் யாரோடது?”

“ஊர்ப் பொட்டல் ஏட்டையா.”

“அப்ப வி.ஏ.ஓ. கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு கடுதாசி வேணும். கரண்டு எடுப்பீகளா?”

“ஜெனரேட்டர்.”

“அப்ப தீயணைப்புல ஒண்ணு வாங்கிருங்க. ரோட்டோரம்ல? ஹைவேஸ்லயும் ஒண்ணு.”

“ஏட்டையா, போன மாசம் அதே பொட்டல்ல பாட்டுக் கச்சேரி நடந்துச்சு. விடிய விடிய ஆடுனாய்ங்க. ஒரு கடுதாசி கேக்கலியே?”

“அது கச்சேரி. இது கூட்டம்.”

இதற்கு மேல் என்ன பேசுவது? ஒச்சப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு அலைந்தார். வி.ஏ.ஓ. சர்வே வேலைக்குப் போயிருந்தார். போனில் பிடித்தால், போலீஸ் அனுமதித்த நகலைக் கொண்டுவா, பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்றார். போலீஸ் இந்தக் கையெழுத்தைக் கொண்டுவா என்கிறது, இவர் அந்த நகலைக் கொண்டுவா என்கிறார். தீயணைப்பில் இருந்த நல்ல மனிதர் ஒருவர், கூட்டம் கூடுவதற்கு நாங்கள் கடிதம் கொடுக்கிற வழக்கமே இல்லையே என்று தலையைச் சொறிந்தார். வழக்கம் இல்லை என்பதையாவது எழுதிக் கொடுங்களேன் என்று கேட்டார் ஒச்சப்பன். அதற்கு மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். ஹைவேஸ் ஆபீஸ் விருதுநகரில். போகவர அறுபது கிலோமீட்டர், டீசல் நானூறு ரூபாய். எண்பது நாற்காலி வாடகையே அறுநூற்று நாற்பதுதான்.

வியாழக்கிழமை வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்து முனகினார். “மூணு நாளும் மீட்டிங்காம். மூணு நாளும்!”

பஞ்சம்மாள் ரசத்தை ஊற்றினாள். அவரைக் கட்டிக்கொண்டு நாற்பத்திரண்டு வருஷமாக அவர் பெருமையைக் கேட்டவள். “அவுக அங்கன தெனமும் கூடுதாகளே, அதுக்கு யாருகிட்ட பர்மிசன் வாங்குதாகளாம்?”

“ஒனக்கு எல்லாம் வெளையாட்டு.”

“நீங்க போனா எந்திரிச்சு நிப்பாகன்னு சொன்னீகளாமே. தங்கத்தாய் சொன்னா. எந்திரிச்சாகளா?”

ஒச்சப்பன் சோற்றைப் பிசைந்தார். 

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராக்கப்பன் தானே போன் பண்ணி வரச் சொன்னார். ஒச்சப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாம் அலைந்த அலைச்சலுக்குப் பலன் வந்துவிட்டது, ஆள் தெரிந்துதான் கூப்பிடுகிறார்கள் என்று போனார். ஒரு தாளைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கினார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆயிரம் நபர்கள் ஒரே இடத்தில் கூடுவதால் போக்குவரத்துக்கு இடையூறு ஏற்படும் என்பதாலும், வெடிபொருள் ஆலைகள் அருகில் அமைந்துள்ளதால் பொதுமக்கள் பாதுகாப்புக்குப் பங்கம் நேரும் என்பதாலும் அனுமதி மறுக்கப்படுகிறது.

“ஆயிரம் பேருன்னு எவன்யா சொன்னது?” என்று கத்தியேவிட்டார்.

ராக்கப்பன் மனுவைத் திருப்பிக் காட்டினார். “நீங்கதான் பெருசு. கீழ ஒங்க கையெழுத்து. ஆயிரம்னு பாத்ததும் எங்க ஐயாவே முடிவு பண்ண முடியாம மேல அனுப்பிட்டாக. பயர் ஆபீஸ் பொம்பளைக ஆயிரம் பேருன்னதும் மேல உள்ளவுகளுக்கு வேர்த்துப்போச்சு. எண்பது நூறுன்னு போட்டிருந்தா இங்கனயே ஏதாச்சும் பாத்திருக்கலாம்.”

 “எண்பதுதான் ஏட்டையா. நெசமாவே எண்பதுதான்.”

“நேத்து வரைக்கும் ஆயிரம், இன்னைக்கு எண்பதா? மிச்சம் தொள்ளாயிரத்து இருபது பேர எங்கன ஒளிச்சு வச்சிருக்கீக?”

“ஐயோ, அது தொழில் வாயி ஏட்டையா. எங்க தொழில்ல ஒண்ணுக்குப் பத்தாத்தான் சொல்லுவோம். கட்சிக் கூட்டத்துக்கெல்லாம் ஆயிரம்னு பில்லு போட்டு அறுநூறுதான் போடுவேன்.”

“அத எழுதிக் குடுக்கீகளா?”

 எல்லாக் கட்சி ஒன்றியச் செயலாளர்களும் வரிசையாக ஒச்சப்பன் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

“சரி, புது மனு தாரேன். எண்பதுன்னு.”

“தாங்க. மனு குடுத்து அஞ்சு நாளு கழிச்சுத்தான் கூட்டம். அதுதான் ரூல்.” ராக்கப்பன் குரலைத் தணித்தார். மோசமான மனிதர் இல்லை. அவருக்கும் இந்த மனுவால் நான்கு நாளாகத் தலைவலி. “பெருசு, நான் சொல்லுதேன்னு நெனைக்காதீக. கோயில்ல பங்குனிப் பொங்கல் வருது. ஊரு பூரா ஒங்க மைக்குதான். பத்து நாளு மைக் பர்மிசனுக்கு நீங்க இங்கனதான் வரணும். எதுக்கு இந்தப் பொம்பளைக பஞ்சாயத்து?”

பங்குனி என்றால் ஒச்சப்பனுக்கு வருஷச் சம்பாத்தியத்தில் பாதி. ஸ்டேஷன் படியிறங்கும்போது வந்தது கோபமா பயமா என்று அவருக்கே விளங்கவில்லை. அந்த ஆயிரத்தின் மேல்தான் வந்தது எரிச்சல் முழுவதும். எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஆயிரம் சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட எவனும் நம்பினதில்லை. இந்தத் தடவை அரசாங்கமே நம்பிவிட்டது.

சனிக்கிழமை காலை கல்யாண மண்டபங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் அடித்தார். கூரைக்குக் கீழே, சுவருக்குள்ளே உட்கார்ந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று கணக்கு. முதல் மண்டபத்துக்காரர், தேதி காலிதான், என்ன விசேஷம் என்றார். சொன்னதும் அன்றைக்கு வெள்ளையடிக்கிறோம் என்றார். இரண்டாவது மண்டபத்தில் ஸ்டேஷனிலிருந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள் என்றார்கள். மூன்றாவது ஆள் ஒச்சப்பனுக்குச் சொந்தக்காரர், பயர் ஆபீஸுக்குப் பெட்டி அடித்துக் கொடுக்கிறவர். “மாமா, எனக்கு ஆர்டர் போயிரும். என்னைய விட்டுருங்க” என்று போனை வைத்துவிட்டார்.

பதினொரு மணிக்குத் தங்கத்தாய் வந்தாள். கூட முத்துமாரி என்று இன்னொருத்தி, கணக்குப் பார்க்கத் தெரிந்தவள். ஒச்சப்பன் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. விரலை எடுக்க மனசு வரவில்லை.

“முடியல தாயி. இல்லைன்னுட்டாக.”

“ஏனாம்?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். போலீஸ்மேல் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்கலாம். பஞ்சம்மாள் உள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒச்சப்பன் தாளை நீட்டினார். முத்துமாரி சத்தமாகப் படித்தாள். ஆயிரம் என்று வந்த இடத்தில் நிறுத்தினாள்.

“நாம எண்பதுன்னுல்ல சொன்னோம்?”

“நான்தான் போடச் சொன்னேன்.” வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. “ஒரு கெத்துக்கு.”

 தங்கத்தாய் தாளை வாங்கி, பாதுகாப்பு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். “பதினெட்டு வருசம் வெடிமருந்துக்குள்ள உக்காந்திருக்கேன் அண்ணாச்சி. ஒரு பய வந்து பாதுகாப்பா இருக்கியான்னு கேக்கல. நாக்காலியில உக்காந்தா மட்டும் ஊரு வெடிச்சிருமா?” அவள் குரல் உயரவில்லை. அதுதான் தாங்கவில்லை. “இன்னும் ஒரு நாளு இருக்கு. நேத்தே இருபத்திரெண்டு பேரு கையெழுத்துப் போட்டாச்சு. எங்கன கூடுறது? கம்மாக்கரையில கூடுனா ரோட்டுல தெரியும். கோயில்ல கேட்டோம், கமிட்டி இல்லைன்னுருச்சு. எங்க வீட்டுல பத்துப் பேரு நின்னா பதினோராவது ஆளு தெருவுல நிக்கணும்.”

“கிட்டங்கி இருக்குல்ல” என்றாள் பஞ்சம்மாள் உள்ளிருந்து.

ஒச்சப்பன் திரும்பிப் பார்த்தார்.

“என்னைய எதுக்குப் பாக்கீக? ஊருக்கெல்லாம் எடம் போட்டுக் குடுக்கீகளே. ஒங்க எடந்தான அது?”

“அதுக்குள்ள ரெண்டாயிரம் சேரு கெடக்கு. ஆளு எங்கன நிக்கும்?”

“சேர வெளிய எடுத்துப் போட்டா, உள்ள ஆளு உக்காராதா?”

பங்குனிப் பொங்கல் ஒரு தடவை ஒச்சப்பன் கண்ணுக்குள் வந்து போனது. ஜெனரேட்டருக்கு இன்னும் எட்டுத் தவணை பாக்கி. அவர் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். “நாளைக்கு மூணு மணிக்கு வாங்க. மைக்கு கெடையாது. கொடி, பேனர் கெடையாது. அஞ்சாறு பேரா வரணும், கும்பலா வரப்படாது.”

“வாடகை?” என்றாள் முத்துமாரி.

“ஏத்தா, யாருகிட்டப் பேசுத? ஒச்சப்பன் எடத்துக்கு வாடகை வாங்குவானா?”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்தே நாற்காலிகள் வெளியே வந்தன. ஒச்சப்பன் தானே பனியனோடு நின்று இருபது இருபதாக அடுக்கினார். முன்கூட்டியே வந்த பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அரை மணி நேரத்தில் வெயிலில் நாற்காலிகள் மதில் மாதிரி நின்றன. உள்ளே சிமெண்டுத் தரையைத் தண்ணீர் தெளித்துக் கூட்டிவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். தகரம் கொதித்தது. நாற்காலிக்காரர் வீட்டுக்கு வந்தும் தரைதான் நமக்கு என்று ஒருத்தி சொல்ல, நல்ல சிரிப்பு.

ஒச்சப்பனுக்கு ஒரு வார்த்தை பேசாமல் இருக்க முடியவில்லை. பெயின்ட் டப்பா ஒன்றின்மேல் ஏறி நின்றார். “எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. எவன் கதவடைச்சாலும் ஒச்சப்பன் கதவு தெறந்திருக்கும். பைசா வாடகை கெடையாது. எத்தன நாளு கூடுனாலும் கெடையாது.” கை தட்டினார்கள். மனசு கொஞ்சம் ஆறியது. இறங்கி வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றுகொண்டார்.

தங்கத்தாய் மைக் இல்லாமல்தான் பேசினாள். பேச்சு என்று கூடச் சொல்ல முடியாது. போர்மேன் கொண்டுவரும் தாளில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை படித்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் அழுதார்கள். அழாதே, நீயும் நாளைக்கு எங்களோடு வந்து, விவரம் தெரியாமல் போட்டேன் என்று சொல்லு என்றாள் முத்துமாரி. நாளைக் காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாகவே கேட் முன்னால் போவது, கூலிப் பாக்கியைக் கேட்பது, தனியாக எவளும் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. தங்கத்தாய் கை தூக்கச் சொன்னாள். எல்லாக் கையும் உயர்ந்து நின்றது. சங்கத்துக்குத் தங்கத்தாய் தலைவி, முத்துமாரி பொருளாளர். ஆளுக்கு இருபது ரூபாய் சந்தா. முத்துமாரி மஞ்சள் பையை விரித்துக்கொண்டு வரிசையாக வாங்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ஜீப் வந்தது.

எஸ்.ஐ. முப்பது வயசுக்கு மேல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டேன் என்கிறார்களே என்ற சலிப்பு முகத்திலேயே தெரிந்தது. பின்னால் ராக்கப்பன். எஸ்.ஐ. வெளியே அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பார்த்தார், உள்ளே தரையில் இருந்தவர்களைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் மறுபடியும் நாற்காலிகளைப் பார்த்தார்.

“யார் கூட்டம் இது? மேலேருந்து போன் மேல போன் வருது.”

“ரோட்டுல ஒரு காலு இல்லைங்கய்யா. மைக்கு இல்ல. சொவத்துக்கு உள்ளதான் இருக்காக” என்றார் ஒச்சப்பன்.

“எத்தனை பேர்?”

“எண்ணிக்கை சொல்றத நான் விட்டுட்டேங்கய்யா.”

ராக்கப்பன் இருமினார்.

“இடம் யாரோடது?”

“பட்டா என் பேருல இருக்கு. அம்புட்டும் நான் சம்பாதிச்சது.”

“அப்ப நீங்க இந்தச் சங்கத்துல யாரு?”

“நானா? நான் வாடகைக்கு விடுறவன். எல்லாக் கட்சிக்கும் விட்டிருக்கேன். ஒங்க ஸ்டேசன்ல கூட என் சேரு நாலு கெடக்கு.”

“அப்ப இந்த இடத்தையும் வாடகைக்குத்தான் விட்டிருக்கீங்க?”

ஒச்சப்பன் வாயைத் திறந்தார். உள்ளே அத்தனை பெண்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் டப்பா இன்னும் அங்கேயே கிடந்தது.

“கேக்கிறேன்ல. வாடகை எவ்வளவு வாங்கினீங்க?” எஸ்.ஐ. குரல் ஏறியது. “வாடகைன்னா அது உங்க வியாபாரம், நான் பேசாமப் போயிடுவேன். ஓசியாக் கொடுத்தீங்கன்னா, அனுமதி மறுத்த பிறகு இந்தக் கூட்டத்தைக் கூட்டினவர் நீங்கதான். முதல் பெயரா உங்க பெயர்தான் வரும். அப்புறம் பங்குனிக்கு மைக் பர்மிஷன்னு வந்து நிக்காதீங்க. பைசா வாங்கினீங்களா, இல்லையா?”

வாங்கவில்லை என்று சொன்னால் தொழில் போகும். வாங்கினேன் என்றால் பணம் எங்கே?  ஏன்தான் அந்த டப்பாமேல் ஏறினோமோ என்றிருந்தது.

“வாடகைதேன் சார்.” தங்கத்தாய் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வந்தாள். “இன்னும் குடுக்கல. கூட்டம் முடிஞ்சாத்தான குடுக்கிறது? இப்ப முடிஞ்சிருச்சு.”

“எவ்வளவு?”

அவள் ஒச்சப்பனைப் பார்த்தாள். அரை நாளைக்குக் கிட்டங்கி விட்டால் ஆயிரத்து ஐந்நூறு தகும். அந்தத் தொகை அவர் வாய்வரை வந்தது. விழுங்கினார். “ஐந்நூறு” என்றார்.

“ஐந்நூறா?” தங்கத்தாய் இடுப்பில் கை வைத்தாள். “நல்லா இருக்கே அண்ணாச்சி! முந்நூறுன்னுல்ல பேசுனோம். சேர வேற நாங்களே தூக்கி வெளிய போட்டிருக்கோம். திருப்பியும் நாங்கதான் அடுக்கணும். அந்தக் கூலிய யாரு தாரது?”

உள்ளே எவளோ களுக்கென்று சிரித்தாள். வீட்டு வாசலிலிருந்து பஞ்சம்மாள் சத்தம் கேட்டது. “முந்நூறுக்கு ஒத்துக்கோங்க! சாரு வெயில்ல நிக்காரு!”

“சரி, முந்நூறு” என்றார் ஒச்சப்பன்.

முத்துமாரி மஞ்சள் பையோடு வந்தாள். சற்று முன்னால்தான் வந்து சேர்ந்த சந்தா. எல்லாம் இருபது ரூபாய்த் தாள்கள், சில வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தன. தங்கத்தாய் அவற்றை வாங்கிக்கொண்டு ஒச்சப்பன் முன்னால் நின்றாள். அவர் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

“கைய நீட்டுங்க அண்ணாச்சி.”

எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒச்சப்பன் வலது கையை முன்னால் கொண்டுவந்து விரித்தார். தங்கத்தாய் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒவ்வொரு தாளாக அந்த உள்ளங்கையில் வைத்தாள். “இருவது… நாப்பது… அறுவது…” கிட்டங்கிக்குள் இருந்தவர்களும் அவளோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். முந்நூறு வந்து முடியும்வரை அவர் கையை மடக்கவில்லை.